நிலப்படத்தில் நீர்ப்பிழை

நாடும் நகரும், மலையும் ஆறும் ஒரு தாளில் அடங்குமாறு எழுதிக் காட்டும் கலை மிகத் தொன்மையானது. ஆயினும் முற்காலத்தில் அஃது அரசர்க்கும் அவர்தம் அளவையாளர்க்குமே உரிய தொழிலாய் இருந்தது. இக்காலத்திலோ, கணினியேனும் கைப்பேசியேனும் உடையார் எவரும் தம் ஊரின் நிலப்படத்தைத் தாமே எழுதலாம். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பார் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் பொதுநிலப்படம் இவ்வகையில் தலைசிறந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, உலகெங்கும் உள்ள தன்னார்வலர் தத்தம் தெருவையும் குளத்தையும் அதிற் சேர்த்து வருகின்றனர்.

பலர் கை படும் பொருளிற் பிழை நேர்தல் இயல்பே. அப்பிழைகளுள் முதலிற் கண்ணிற் படுவன நீரைப் பற்றியன. நிறைந்த ஏரி வெறுந்தரையாய்த் தோன்றும். குளத்தின் நடுவேயுள்ள மேடு நீருள் மூழ்கும். சிற்சில வேளைகளிற் கடலே கரையேறிப் பல காதம் நீலமாய்ப் பரந்துவிடும். இவற்றின் காரணங்களையும், திருத்தும் நெறியினையும் யாம் கற்றவாறு இங்கு எழுதப் புகுந்தோம். இதனை எழுதத் தூண்டியது எம்முடைய பிழையொன்றே ஆதலின், அதனையே முதற்கண் உரைப்பாம்.

எம் பிழை

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊர்க் கண்மாயை இப்பொதுநிலப்படத்தில் தேடினோம். கண்மாய் இருக்க வேண்டிய இடம் வெறுந்தரையாய்க் கிடந்தது. ‘நம் ஊரை எவரும் எழுதவில்லை போலும்’ என்று கருதி, செயற்கைக்கோள் எடுத்த வான்படத்தைப் பின்னணியாக வைத்து, அதில் ஈரமாய்க் கருத்துத் தோன்றிய பகுதியைச் சுற்றிக் கோடிழுத்து, ‘நீர்’ என்று குறித்தோம். சிறிது நேரத்தில் நீலநிறம் தோன்றிற்று. எம் உள்ளத்திற் பெருமிதமும் தோன்றிற்று.

சில நாள் கழித்து, எம் ஊரில் மடை திறந்து வயலுக்கு நீர் விடும் நீர்பாய்ச்சி முதியவர் ஒருவருக்கு அப்படத்தைக் காட்டினோம். அவர் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, “தம்பி, தண்ணீர் வற்றினால் கண்மாயே வற்றிவிடுமா? மடை எங்கே, கலுங்கு எங்கே என்று பார்த்தல்லவா எழுத வேண்டும்? நம் கண்மாயைக் கால் பங்காக்கிவிட்டீரே!” என்றார். யாம் நாணித் தலைகுனிந்தோம். அன்று முதல், படத்தில் நீர் ஏன் பிழைபடுகின்றது என்பதனை முறையாகக் கற்கத் தொடங்கினோம்.

படம் உருவாகும் வகை

முதலாவது அறிய வேண்டுவது, தரவு வேறு, படம் வேறு என்பதே. நாம் திரையிற் காணும் நீலமும் பச்சையும் எவரும் நேரே தீட்டிய வண்ணங்கள் அல்ல. தன்னார்வலர் எழுதுவது தரவு மட்டுமே. அத்தரவினைக் கணினி நிரலொன்று படித்துத் தானே வண்ணம் தீட்டுகின்றது.

அத்தரவு மூன்று உறுப்புக்களால் ஆயது. அவை புள்ளி, கோடு, உறவு என்பன. தமிழ் பயில்வார்க்கு இதனை எழுத்து, சொல், தொடர் என்னும் முறையால் விளக்கலாம். எழுத்துக்கள் கூடிச் சொல்லாவதுபோலப் புள்ளிகள் கூடிக் கோடாகும். சொற்கள் இயைந்து தொடராவதுபோலக் கோடுகள் இயைந்து உறவாகும். இவற்றிற்குப் பொருள் தருவன குறிச்சொற்கள். ஒரு வளைந்த கோடு தன்னளவில் வயலோ குளமோ அன்று. அதனோடு ‘நேச்சுரல்’ என்னும் தலைச்சொல்லும், அதற்கு விடையாக ‘வாட்டர்’ என்னும் பொருட்சொல்லும் சேர்ந்தவழியே நிரல் அதனை நீர்நிலை என்று உணர்ந்து நீலம் தீட்டும்.

ஆகவே, படத்தில் நீர் பிழைபடின், பிழை தரவில் உளதா, அன்றித் தீட்டும் முறையில் உளதா என்று முதலில் வினாவுதல் வேண்டும். நோயின் முதல் நாடாது மருந்திடுதல் எவ்வாறு தீதோ, அவ்வாறே இதுவும்.

காலத் தாழ்வு

ஏரியைத் திருத்திய பின்னும் பழைய தோற்றமே காணப்படுமாயின் உடனே மனம் தளர வேண்டுவதில்லை. உலகப்படம் முழுதும் ஒரே ஓவியமாக வைக்கப்பட்டிருப்பதன்று. சிறு சதுரத் துண்டுகளாகப் பகுக்கப்பட்டுளது. உலகு முழுவதும் ஒரே துண்டில் அடங்குவது முதற்படி. அடுத்த படியில் 4 துண்டுகள். அதற்கடுத்த படியில் 16. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்காகப் பெருகும். தரவு மாறியவுடன் எல்லாப் படிகளிலுமுள்ள துண்டுகள் ஒருங்கே புதுப்பிக்கப்படுவதில்லை. ஊரை அண்மையிற் காட்டும் துண்டுகள் விரைந்து மாறும். நாட்டையே ஒருங்கு காட்டும் துண்டுகள் நெடுநாள் பழையனவாகவே நிற்கும். அன்றியும், நம் கணினியின் உலவி தான் முன்பு பெற்ற துண்டுகளைச் சேமித்து வைத்து அவற்றையே மீண்டும் காட்டுவதும் உண்டு. ஆதலின், அணுகிப் பார்க்கும்போது சரியாகவும், அகன்று பார்க்கும்போது பிழையாகவும் தோன்றுமாயின் அது பெரும்பாலும் காலத் தாழ்வே. பொறுத்திருத்தலே அதற்கு மருந்து. இதனை அறியாதார், தாம் செய்த திருத்தம் பலிக்கவில்லை என்று எண்ணி, அதே ஏரியை மீண்டும் மீண்டும் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஏரிகளை அடுக்கிவிடுவர்.

குறிச்சொற் பிழை

காலத் தாழ்வன்று என்று தெளிந்தபின் நோக்க வேண்டுவது குறிச்சொல். ஓர் எழுத்துப் பிழைபடினும் நிரல் அதனை ஊகித்துக் கொள்ளாது. குறிச்சொல் சரியாயிருந்தும் இடம் மாறி நிற்பதும் உண்டு. பெரிய ஏரியின் கரை பல கோடுகளால் ஆயதாயின், அக்கோடுகளைத் தொகுக்கும் உறவினிடத்தே ‘நீர்’ என்னும் குறிச்சொல் நிற்றல் வேண்டும். முற்காலத்தில் அதனைப் புறக்கோட்டின்மேல் எழுதும் வழக்கமும் இருந்தது. 2017-ஆம் ஆண்டில் இப்பொதுநிலப்படத்தின் முதன்மையான வரைமுறை அப்பழைய வழக்கை ஏற்பதை விட்டது. அதனால் அதுகாறும் நன்கு தோன்றிய நீர்நிலைகள் சில, ஒருவரும் தொடாமலே, பிழைபட்டுத் தோன்றின.

வளையம் முறிதல்

நீர்நிலை என்பது ஒரு பரப்பு. பரப்பைச் சூழும் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிதல் வேண்டும். தலையும் வாலும் கூடாத வளையத்திற்கு உள்ளேது, புறமேது? நிரல் அதனைத் தீட்டாது விட்டுவிடும், ஏரி வெறுந்தரையாகும். ஒரு கோட்டில் 2000 புள்ளிகளுக்கு மேல் அமைத்தல் இயலாது என்பது இப்பொதுநிலப்படத்தின் விதி. ஆதலின் பெரிய நீர்நிலைகளின் கரை பல கோடுகளாகப் பகுக்கப்பட்டே தீரும். பகுப்பு மிகுந்தோறும் இணைப்புக்களும் மிகும். இணைப்பு மிகுந்தோறும் முறிவுக்கு இடமும் மிகும். இரண்டு கோடுகளின் முனைகள் கண்ணுக்கு ஒன்றியனபோலத் தோன்றினும், இரண்டும் ஒரே புள்ளியைப் பொதுவாகக் கொண்டிராவிடில் அவை ஒன்றியன ஆகா. இவ்வாறே கோடு தன்னைத் தானே குறுக்கிட்டு முறுக்குண்டாலும் பரப்புக் கெடும்.

எம் ஊர்க் கண்மாய்க்கு நேர்ந்தது இதுவே. ஒவ்வோர் உறுப்பின் வரலாறும், யார் எப்பொழுது எதனை மாற்றினார் என்னும் குறிப்போடு இப்பொதுநிலப்படத்திற் காக்கப்பட்டுளது. அவ்வரலாற்றை யாம் புரட்டிப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே எவரோ ஓர் அன்பர் எம் கண்மாயின் முழுக்கரையையும் செவ்வையாக எழுதியிருந்தமை கண்டு வியந்தோம். கரைமேற் செல்லும் பாதையைப் பின்னர் ஒருவர் திருத்தியபோது ஒரு முனை நழுவியிருந்தது. அவ்வொரு முனை நழுவியதனால் கண்மாய் முழுதும் மறைந்தது. உண்மையான கண்மாய் தரவிலே உறங்கிக் கிடக்க, யாம் அதனைத் தேடாமல் அதன்மேற் பொய்க்குட்டை ஒன்றை வெட்டியிருந்தோம். யாம் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரு புள்ளியைச் சேர்ப்பதே.

அகமும் புறமும்

நீர்நிலையின் நடுவே தீவு இருப்பின் ஒரு வளையம் போதாது. மதுரையில் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சதுரமான குளம், அதன் நடுவே மைய மண்டபம். இதனை எழுதுங்கால் குளக்கரை ஒரு கோடு, நடுத்திட்டின் விளிம்பு மற்றொரு கோடு. இவ்விரண்டையும் ‘மல்டிபாலிகன்’ என்னும் உறவிற் சேர்த்து, முன்னதற்கு ‘அவுட்டர்’ என்றும், பின்னதற்கு ‘இன்னர்’ என்றும் பணி குறித்தல் வேண்டும். முன்னது புறம், பின்னது அகம் என்க. நடுத்திட்டின் கோடு உறவிலே சேராது விடுபடின் மண்டபம் நீருள் மூழ்கும். அக்கோடு புறக்கோட்டைக் கடந்து செல்லின் பரப்பு முழுதும் மயங்கும்.

இலக்கணம் பயில்வார்க்கு இதுவும் புதிதன்று. ‘புலி கொன்ற யானை’ என்னும் தொடரில், கொன்றது எது, பட்டது எது என்று உருபு இன்மையால் ஐயுறுகின்றோம். பணி குறியாத கோடும் உருபு தொக்க பெயர் போன்றதே. மக்கள் குறிப்பால் உணர்ந்துகொள்வர், நிரலுக்கோ குறிப்பில்லை.

கடற்கரை

கடலை எழுதும் முறை முற்றும் வேறு. கடலுக்கு வளையம் இட்டு நீலம் தீட்டுவதில்லை. கரையோரம் முழுவதும் ‘கோஸ்ட்லைன்’ என்னும் குறிச்சொல்லோடு ஒரு நெடுங்கோடு இடுவர். கோடு செல்லும் திசையிலே முகம் வைத்து நின்றால் இடப்புறம் நிலம், வலப்புறம் நீர் என்பது விதி. கன்னியாகுமரியில் தொடங்கிச் சென்னையை நோக்கி வடக்கே நடப்பதாக எண்ணுக. இடக்கைப் புறம் தமிழ் நிலமும், வலக்கைப் புறம் கடலும் இருக்குமன்றோ? அத்திசையே சோழமண்டலக் கரைக்கு உரிய திசை. மேலைக் கரையிலோ மும்பையிலிருந்து குமரியை நோக்கித் தெற்கே வருதல் வேண்டும். தீவுகளுக்கும் இதுவே விதி. இராமேசுவரம் தீவின் கரைக்கோடு கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுற்றி வருதல் வேண்டும். திசை மாறின் தீவு கடலாகும். ஏரி குளங்களுக்கு இத்திசை விதி இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கோடு ஓரிடத்தில் அறுந்தாலோ, எதிர்த்திசையில் ஒரு துண்டு புகுந்தாலோ, நிலம் எது கடல் எது என்று நிரல் அறியாது மயங்கும். அதனால் விளையும் கேடு ஓர் ஊரளவில் நில்லாது. ஆதலின் கரைக்கோடுகள் மட்டும் தனியே திரட்டப்பட்டு, சோதிக்கப்பட்டு, பின்னரே படத்திற் சேர்க்கப்படுகின்றன. பெரும்பிழை காணப்படின் பழைய கரையே நிறுத்தி வைக்கப்படும். கரையிற் செய்த திருத்தம் ஏரியிற் செய்த திருத்தம்போல உடனே தோன்றாமைக்குக் காரணம் இதுவே. வேதாகமத்தின் முதல் அதிகாரத்திலே நீரும் நிலமும் பிரிக்கப்பட்ட செய்தியைச் சிறுவயது முதல் கேட்டு வந்த யாம், அப்பிரிவினை ஒரு கோட்டின் திசையிலே தங்கியிருப்பதை இப்படத்திற் கண்டு வியந்தோம்.

ஆறும் சதுப்பும்

ஆற்றிற்கு இருவகை எழுத்து வேண்டும். நீரோடும் வழியை நடுவே ஒரு கோடாக எழுதுதல் ஒன்று; இக்கோடு நீர் செல்லும் திசையிலேயே செல்லல் வேண்டும். கரைக்குக் கரை அகன்ற பரப்பை எழுதுதல் மற்றொன்று. கோடு மட்டும் இருப்பின் வைகை ஒரு வாய்க்கால்போல மெலிந்து தோன்றும். பரப்பு மட்டும் இருப்பின் கண்ணுக்கு ஆறு தோன்றும். ஆனால் எது எதனோடு கலக்கின்றது, நீர் எத்திசைச் செல்கின்றது என்பது தரவில் இராது. படத்தில் ஆறு இடையிடையே அறுந்து காணப்படின், பரப்பின் ஒரு பகுதி வளையம் முறிந்துளது என்று ஊகிக்கலாம்.

சதுப்பு நிலத்தை ஏரியென்று எழுதுதலும் பெருவழக்கான பிழை. 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்புற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நீரும் புல்லும் சேறும் கலந்தது. அத்தகைய நிலத்திற்கு ‘வெட்லேண்ட்’ என்னும் தனிக் குறிச்சொல் உண்டு. படம் நீலமாக வேண்டும் என்னும் ஆசையால் அதனை முழுநீராக எழுதுதல் தகாது.

வற்றும் நீர்

இனி, எல்லாவற்றினும் நுண்ணியதும், நம் நாட்டிற்கு மிக வேண்டியதுமான பகுதிக்கு வருவோம். ஆண்டு முழுதும் நிறைந்திருக்கும் ஏரிகளையே கண்டு பழகிய நாட்டார்க்கு நீர் உள்ள இடமே ஏரி. நம் நாட்டுக் கண்மாயோ, மழைக்குப் பின் சில திங்கள் நிறைந்து, கோடையில் ஆடு மேயும் தரையாய்க் கிடப்பது. வான்படம் எடுக்கப்பட்ட நாள் கோடையாயின், அதில் நீரே இராது. அதனை நம்பி எழுதுவார், கண்மாயைக் குட்டையாக்குவர். அல்லது தரிசு என்று எழுதுவர்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வறண்டு கிடந்தன. அதனால் அவற்றைப் படத்தினின்று அழித்துவிடலாமா? ஆகாது. மாறாக, 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்திற் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்பொழுது தன்னார்வலர் பலர் இப்பொதுநிலப்படத்தை அடியாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களைத் தனியே குறித்து மக்களுக்கு உதவினர். அத்தெருக்களை நிலையான நீர்நிலை என்று எழுதலாமா? அதுவும் ஆகாது. வந்து போகும் வெள்ளம் வேறு. வற்றி நிறையும் ஏரி வேறு.

ஏரியை ஏரியாக்குவது நீர் மட்டுமன்று. கரையும், மடையும், கலுங்கும் ஆம். ஆகவே நிறைநீர் எட்டும் எல்லையையே கோடாக எழுதி, ‘இன்டர்மிட்டன்ட்’ என்னும் குறிச்சொல்லைச் சேர்த்தல் வேண்டும். அது ‘இடைவிட்டு நீர் உடையது’ என்னும் பொருட்டு. அவ்வாறு எழுதின் படத்தில் அவ்விடம் முழுநீலமாகத் தோன்றாது, வேறு தோற்றத்தோடு விளங்கும். மெய்யும் கெடாது, கண்டாரும் மயங்கார். ஆனால் கரை உடைத்து மண்ணிட்டு வீடுகள் எழுந்துவிட்ட இடத்தை, பழைய நினைவால் ஏரியென்று எழுதுதலும் முறையன்று. சென்னையின் நெட்டேரி 1920-களில் தொடங்கிய மாம்பல நகரமைப்பால் மறைந்து தியாகராய நகராயிற்று. அதன் நினைவு தெருப்பெயர்களில் உண்டு, நீர் இல்லை. உள்ளது உள்ளவாறு எழுதுக என்பதே இப்பொதுநிலப்படத்தின் தலையாய அறம். படத்தில் அழகாய்த் தோன்றுதற்காகத் தரவிற் பொய் எழுதற்க என்பது அதனோடு ஒட்டிய மற்றோர் அறம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். நீர் பிழைபடின், முதலிற் பொறுத்து நோக்குக; பின் குறிச்சொல்லை நோக்குக; பின் வளையத்தை நோக்குக; அதன்பின் அகமும் புறமும் நோக்குக; கடலாயின் திசை நோக்குக. பழைய வரலாற்றைப் புரட்டாமல் எதனையும் அழிக்கற்க; புதிதாய் வரைதற்குமுன் உறங்கிக் கிடப்பது உளதா என்று தேடுக. முன் எழுதியவரைக் குறைகூறாது, அவருக்கு ஒரு சொல் எழுதிக் கேட்க. இவை யாவும் முடிந்தபின், இயன்றால் அவ்விடத்திற்கே சென்று கரையில் நடந்து காண்க. பிழை தேடும் கருவிகள் பல உள. ‘ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டர்’ என்பது முறிந்த வளையங்களையும் பிழைபட்ட கரைக்கோடுகளையும் நிறமிட்டுக் காட்டும். ஆயின் மடை எங்குளது என்று அது காட்டாது. அதனைக் காட்ட ஊரில் ஒரு முதியவர் வேண்டும்.

பொதுநிலப்படம் நில உரிமைக்குச் சான்றாகாது. அதற்கு அரசின் பதிவேடுகள் உள. எனினும், அதனைப் பார்த்தே இன்று பலர் ஊரை அறிகின்றனர். படத்தில் இல்லாத கண்மாய் மெல்ல மக்கள் நினைவிலும் இல்லாததாகும். நினைவில் இல்லாததன்மேல் மண்ணிடுதல் எளிது. அயலானுடைய எல்லைக்குறியைப் பெயர்த்து வைத்தல் குற்றம் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதிக்கின்றது. யாம் அறியாமையால் ஒரு கண்மாயின் எல்லையைப் பெயர்த்தோம். அக்கண்மாய்க்கு அயலார் அதன் நீர் பாயும் வயலுடையார் அனைவரும் ஆவர்.

விடுமுறை முடியுமுன் யாம் அம்முதியவரோடு கரை முழுதும் நடந்தோம். அவர் சுட்டிய மடைகளையும் கலுங்கையும் குறித்துக்கொண்டோம். வீடு திரும்பி, எம் பொய்க்குட்டையை அழித்து, நழுவிய முனையைச் சேர்த்து, ‘இடைவிட்டு நீர் உடையது’ என்று எழுதி, கண்மாயின் பெயரைத் தமிழிலும் பொறித்தோம். அடுத்த ஞாயிறன்று அவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் விரலால் கரையைச் சுற்றி வந்து, கலுங்கின்மேல் விரலை நிறுத்தி, “இப்பொழுது சரி” என்றார். எம் கல்லூரித் தேர்விற் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அச்சொல் தந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.